தெரிந்திருந்தவர்கள்

ஒருவன் மனைவியைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறான். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனை பெற்ற தாயின் கழுத்தில். கல்கத்தாவின் பத்தலாத் தெருக்களில் 19ஆம் நூற்றாண்டில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு விற்ற படம் இது. கலி முற்றிவிட்டது, மகன்மார் பெண்டாட்டிக்கு அடிமையாகித் தாயை இழுத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று ஊருக்குச் சொல்வதற்காகப் போட்டது.

இதைப் பார்த்தபோது ரொறன்ரோவின் மல்வேர்ன் டவுன் சென்டரின் வாங்குகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. தை மாதக் குளிரில் வெளியே நடக்க முடியாத எங்கள் வயசாளிகள் அந்தக் கடைத்தொகுதிக்குள் வந்து உட்கார்ந்து கதைப்பார்கள். அம்மாவை அங்கே இருத்திவிட்டு நான் சாமான் வாங்கப் போவேன். திரும்பி வரும்போது காதில் விழுகிற வசனம் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும். “மனிசியைத் தலையிலை தூக்கி வைச்சிருக்கிறான். பெத்த தாய் பேஸ்மென்ரிலை.” யாருடைய மகன் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். மற்றதெல்லாம் அப்படியே பத்தலாப் படம்.

என் அம்மாவும் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ரில்தான் இருந்தார். அவராகக் கேட்டு வாங்கிய இடம் அது. மேலே மீன் பொரித்தால் புகை அலாரம் கத்தும், மருமகன் ஓடி வந்து யன்னல் திறப்பார், அம்மாவுக்கு அது கூச்சம். கீழே அவருக்கென்று ஓர் அடுப்பு, சுவாமித் தட்டு, நாள் முழுக்கப் பாடும் தமிழ் வானொலி. மனம் திறந்து அவர் கதைத்ததும் அங்கேதான். மேலே வந்தால் அம்மா வேறு ஆள். படிக்கட்டுக் கதவைத் தாண்டியதும் பேச்சைக் குறைத்துக்கொள்வார். வாங்கில் இருந்த பெண்கள் இதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பதை நான் யோசித்ததுண்டு. அவர்கள் அம்மாவைக் கேட்டிருக்க மாட்டார்கள். பத்தலாக்காரரும் கயிற்றின் முனையில் இருந்த கிழவியைக் கேட்கவில்லை, தோளில் இருந்த பெண்ணையும் கேட்கவில்லை.

காளிகாட் படங்களும் இதே காலத்தவை. காளி கோயிலைச் சுற்றிக் குடியேறிய பட்டுவாக்கள் என்ற ஓவியர்கள் வரைந்தவை. இப்போதிருக்கிற கோயில் 1809இல் கட்டியது. பட்டுவாக்கள் ஊரில் நீண்ட சுருளில் படம் எழுதி, பாடிக்கொண்டே சுருளை விரித்துக் கதை சொன்னவர்கள். நகரத்தில் நின்று கேட்க யாருக்கு நேரம்? ஆலையில் செய்த மலிவுத் தாளில், கதையின் ஒரு கணத்தை மட்டும் சில தூரிகை இழுப்பில் எழுதி, யாத்திரை வந்த சனத்துக்குச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். முதலில் காளி, துர்க்கை, கணேசர். பிறகு மெல்ல மெல்ல வீடுகளுக்குள் பார்க்கத் தொடங்கினார்கள். புருஷனை விளக்குமாற்றால் அடிக்கும் மனைவி. தாசியின் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் பாபு என்கிற நகரத்துச் சொகுசுக்காரன். நெற்றியில் நாமமும் வாயில் இறாலுமாக ஒரு பூனை, போலிச் சாமியாருக்காக.

லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஜோன் லொக்வுட் கிப்ளிங் இந்தியாவில் வேலை பார்த்த காலத்தில் சேர்த்தது. மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இணையத்தில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு பனிக்காலம் முழுக்க இரவுகளில் அதுதான் என் வேலையாக இருந்தது. அப்படித்தான் எலோகேசியிடம் வந்து சேர்ந்தேன்.

எலோகேசிக்குப் பதினாறு வயது. கணவன் நபின் சந்திர பானர்ஜிக்குக் கல்கத்தாவில் ராணுவ அச்சகம் ஒன்றில் வேலை. அவள் தாரகேஸ்வரத்துக்குப் பக்கத்தில், தகப்பன் வீட்டில், தகப்பனோடும் சிறிய தாயோடும் இருந்தாள். தாரகேஸ்வர் பெரிய சிவத்தலம். அதன் மகந்த், அதாவது கோயிலுக்கும் அதன் சொத்துக்கும் தலைவர், மாதவ் சந்திர கிரி. பிள்ளை வரம் வேண்டி, மருந்து வாங்க என்று அவளை அவரிடம் போகவிட்டார்கள். மருந்தில் மயக்கம் கலந்து மகந்த் அவளைக் கெடுத்தார் என்றும், பிறகு அது தொடர்ந்தது என்றும், தகப்பனும் சிறிய தாயும் உடந்தை என்றும் ஊர் பேசியது. நபின் ஊருக்கு வந்தபோது ஊரார் வாயால் கேள்விப்பட்டான். மனைவியைக் கேட்டான். அவள் ஒன்றும் மறைக்கவில்லை. அவன் மன்னித்து, கல்கத்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று புறப்பட்டிருக்கிறான். மகந்தின் ஆட்கள் வழிமறித்தார்கள். 1873 மே 27 அன்று நபின் வீட்டில் மீன் வெட்டும் அரிவாள்மணையால் அவள் கழுத்தை அறுத்துவிட்டு, தானே போய்க் காவலில் சரணடைந்தான்.

வழக்கைப் பார்க்க வந்த கூட்டத்தை அடக்க ஹூக்ளி நீதிமன்றத்தில் நுழைவுக் கட்டணம் வைக்க வேண்டியிருந்தது. ஜூரிகள் நபின் புத்தி பேதலித்த நிலையில் செய்தான் என்று சொல்லி விடுவித்தார்கள். நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் முழுக்க நாடுகடத்தல் என்று தீர்ப்பானது. சனம் விடவில்லை, மனுவுக்கு மேல் மனு போட்டார்கள், 1875இல் அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. மகந்துக்கு மூன்று வருடக் கடுங்காவல், 2000 ரூபாய் அபராதம். குற்றம் என்ன? பிறன்மனை கூடியது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு. அந்தப் பிரிவின்படி குறை நேர்ந்தது கணவனுக்கு. மனைவி குற்றவாளியும் ஆக மாட்டாள், முறையிடுபவளும் ஆக மாட்டாள். இந்திய உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2018 செப்டம்பரில்தான்.

படங்கள் மழையாகக் கொட்டின. மகந்தைப் பார்க்க வரும் எலோகேசி, மருந்து கொடுக்கும் மகந்த், புருஷன் காலில் விழும் எலோகேசி, அரிவாள்மணையை ஓங்கிய நபின், தலை வேறு உடல் வேறாக எலோகேசி, சிறையில் செக்கு இழுக்கும் மகந்த். இந்த விஷயத்தை வைத்து முப்பதுக்கு மேல் நாடகம் எழுதினார்கள். சேலைக் கரையில், வெற்றிலைப் பெட்டியில் அவள் பெயர். மகந்த் இழுத்த செக்கு எண்ணெய் என்று சொல்லித் தலைவலித் தைலம்கூட விற்றிருக்கிறார்கள்.

ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணீரோடு கீழே போய் இந்தப் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். கதையையும் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அரிவாள்மணையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எல்லாம் பார்த்து முடிந்ததும் கேட்டார்: “தேப்பன் எங்கை?”

எனக்கு விளங்கவில்லை. “கொண்டுபோய் விட்டது தேப்பன் எண்டெல்லே சொன்னனீ. அந்தாளை ஒரு படத்திலையும் காணேல்லை.”

நான் பார்த்த படங்களில் அவர் இல்லைத்தான். அதன்பிறகு எந்தப் படத்தை எடுத்தாலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

பெரியப்பா ஒருவர் முன்பு அடிக்கடி மெட்ராஸ் போய் வருவார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகங்கள் அவர் பெட்டியில் இருக்கும். அந்த மார்க்கெட் 1985இல் எரிந்துபோனதைக் கேள்விப்பட்டு, ஆள் செத்ததுபோல இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர். அந்தப் பெட்டியின் அடியில் சில கொலைச்சிந்துகள் கிடந்தன. அழுக்குத் தாள், பத்துப் பக்கம்கூட வராது, முகப்பில் ஒரு கரடுமுரடான கட்டைப்படம். தமிழ்நாட்டின் பத்தலா என்று குஜிலிக் கடைத்தெருவைச் சொல்லலாம். சென்னை பார்க் டவுனில் இருந்த அந்தத் தெருவிலிருந்துதான் இத்தகைய நூல்கள் சந்தைக்கும் திருவிழாவுக்கும் ரயிலுக்கும் போயின. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெரியப்பா பாடிக் காட்டியவற்றில் புருஷன் மனைவியை வெட்டுவான், அல்லது மாமி மருமகளுக்கு நஞ்சு வைப்பாள். ஊர் கூடும், பொலிஸ் வரும், கடைசியில் பெண்களுக்குப் புத்தி சொல்லி முடியும். நாங்கள் சின்னப் பிள்ளைகள், சுற்றி இருந்து கேட்போம். அடுப்படியிலிருந்து பெரியம்மா வந்து “பிள்ளையளுக்கு இதை ஏன் படிச்சுக் காட்டுறியள்?” என்று புத்தகத்தைப் பறித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அவர் அம்மாவின் அக்கா, அந்தப் பெரியப்பாவின் மனைவி அல்ல. எங்கள் வீட்டில் பெரியவர்களிடமிருந்து எதையும் பறிக்கிற உரிமை அவருக்கு இருக்கவில்லை. அன்றைக்கு மட்டும் எப்படிப் பறித்தார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

பெரியம்மாவைப் பற்றி வெளியில் கேட்டால் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான். “அவவுக்குச் சுகமில்லை.” கலியாணம் முடித்துப் போனவர், ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தவர், சுகமில்லாதவர். அவர் ஒருநாளும் படுத்து நான் கண்டதில்லை. விடிய எழும்பிக் கிணற்றடியிலிருந்து தொடங்கி, இரவு அடுப்புச் சாம்பல் அள்ளும்வரை வேலை. எங்களை வளர்த்தது அவர்தான்.

மறுபடி படங்களோடு லண்டனுக்கு வருகிறேன். கேலிப்படம் என்றால் 19ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் குருக்‌ஷாங்க். 1820இல் புது அரசர் நான்காம் ஜோர்ஜ், மனைவி கரோலினை விலக்க முயன்று நாடே சிரித்துக்கொண்டிருந்தது. அந்த ஜூன் மாதம் அரண்மனைப் பக்கத்திலிருந்து குருக்‌ஷாங்குக்கு 100 பவுண் போனது, அரசரை ஒழுக்கக்கேடான எந்த நிலையிலும் வரையமாட்டேன் என்ற வாக்குறுதிக்காக. ரசீது இன்னும் இருக்கிறது. ஒரு வீட்டின் இரகசியத்துக்கு விலை எழுதிய ரசீது உலகத்தில் எத்தனை இருக்கும்? பெரும்பாலான வீடுகளில் அந்த விலையைக் கொடுப்பது வேறு ஆள், ரசீதும் கிடையாது.

அதே குருக்‌ஷாங்க் 1847இல் ‘போத்தல்’ என்று எட்டுப் படங்கள் வெளியிட்டார். விலை ஒரு ஷில்லிங். முதல் படத்தில் சாப்பாட்டு மேசை, பிள்ளைகள், கதகதப்பான அடுப்பு. கணவன் மனைவியை ஒரே ஒரு மிடறு குடிக்கச் சொல்கிறான். படம் போகப் போக வீட்டுச் சாமான் குறைகிறது, ஒரு குழந்தை இறக்கிறது. ஏழாவது படத்தில் அந்தப் போத்தலாலேயே மனைவியை அடித்துக் கொன்றிருக்கிறான். எட்டாவதில் அவன் பைத்தியம். நான் இவற்றைப் பார்த்த அளவில், குடும்பம் குலைவதை இவ்வளவு கவனமாக, மேசை நாற்காலி உட்பட, வேறு யாரும் வரைந்ததில்லை. பாரீஸில் தோமியே 1839 தொடக்கம் மணவாழ்க்கைச் சண்டைகளை வரிசையாக வரைந்தார், 1845இல் ‘பஞ்ச்’ இதழில் திருமதி கோடிலின் படுக்கையறைச் சொற்பொழிவுகள் வந்தன. அவற்றில் சிரிப்பு இருக்கிறது. ‘போத்தல்’ சிரிக்க வைக்காது. படங்களோடு குருக்‌ஷாங்கும் குடியை விட்டார், மிச்ச வாழ்நாள் முழுக்க மேடை மேடையாக மதுவிலக்குப் பேசினார்.

1878 பெப்ரவரி 1ஆம் தேதி அவர் இறந்தார். அதன்பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. மனைவி எலைசாவோடு அவர் இருந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இன்னொரு வீடு. அதில் முன்பு அவர்களிடம் வேலைக்கு நின்ற அடிலெய்ட் அட்றீ. அவருக்குக் குருக்‌ஷாங்கால் பதினொரு பிள்ளைகள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு. மற்ற வீடுகளின் அடுப்படியை எட்டு எட்டுப் படமாக வரைந்தவர் வீட்டின் படம் இது. பால்காரனுக்குத் தெரிந்திருக்கும், பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும், பிள்ளை பிறக்கும்போது வந்த மருத்துவிச்சிக்குத் தெரிந்திருக்கும். எலைசாவுக்கு? தெரிந்தே இருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். பதினொரு பிள்ளைகளை ஒரு மனிதன் தன் முகத்தில் தெரியாமல் எத்தனை வருடம் மறைக்க முடியும்?

நாங்கள் இருக்கிற இந்த ஊரிலும் அந்தக் காலத்தில் கேலிப்படம் இருந்தது. ஜோன் வில்சன் பெங்கொஃப் ரொறன்ரோவில் ‘கிறிப்’ வார இதழைத் தொடங்கியது 1873 மே 24. அவருக்கு வயது 22. மூன்று நாள் கழித்துத்தான் அங்கே எலோகேசி வெட்டுப்பட்டாள். பெங்கொஃப் பெரும்பாலும் அரசியல்தான் வரைந்தார். அந்த வருடம் ரயில்பாதைப் பண ஊழலில் பிரதமர் மக்டோனல்ட் பதவி விலகிய கதை அவருக்குப் போதியதாக இருந்தது. இதழ் 1894 வரை வந்தது. அப்போது மல்வேர்ன் என்றால் சந்தியில் சில கட்டடமும் சுற்றிவரப் பண்ணை நிலமும். 1950களில் அரசு அந்த நிலத்தை வாங்கி, 1970களில் வீடுகள் எழும்பி, பிறகு நாங்கள் வந்து நிறைந்தோம். அந்தப் பண்ணை வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று யாரும் படம் போடவில்லை.

எங்களுக்குள் நடப்பதை நாங்கள் போடுவது ஓர் இடத்தில்தான். மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி, இன்னின்னாரின் மாமி, பேத்தி என்று முழுக் குடும்பமும் ஒரு பக்கத்தில் வந்து நிற்கும். ரொறன்ரோத் தமிழ்ப் பத்திரிகையைக் கையில் எடுத்தால் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். யாருடைய பெயர் இருக்கிறது என்பதைவிட யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். கோபித்துக்கொண்டுபோன மகன், வேற்றினத்தவரை மணந்த மகள், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள்.

பெரியம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது அறிவித்தலை மல்வேர்னில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினோம். லண்டனிலிருந்து தம்பி, பாரீஸிலிருந்து மச்சாள், எல்லாரும் வட்ஸ்அப்பில். பெற்றோர் பெயர் வந்தது. அடுத்தது “அன்பு மனைவியும்” என்கிற வரி. பெரியம்மாவின் கணவர் செத்து வெகுகாலம். தம்பி சொன்னான், “பேரைப் போடாட்டிச் சனம் என்ன சொல்லும்? முறைப்படி தாலி கட்டினவர்.” மச்சாள் ஆமென்றாள்.

அம்மா அப்போது கீழேயிருந்து படியேறி வந்து கதவடியில் நின்றார். மேலே வந்தால் பேசாத அம்மா, அன்றைக்குப் பேசினார். “அவ சொன்னதைப் போடேலாது. அவ சொல்லாததையும் போடாதேங்கோ.”

பெரியம்மா சொன்னது என்ன என்று அன்றிரவு பேஸ்மென்ரில் அம்மா எனக்குச் சொன்னார். 1995 ஐப்பசி 30, யாழ்ப்பாணத்தில் போருக்கு அஞ்சி வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. சனம் நகர முடியாமல் செம்மணி வீதியில் நின்றது, மழை, இருட்டு. அக்காவும் தங்கையும் ஒரு பையை நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அத்தனை வருடம் வாய் திறக்காத பெரியம்மா அங்கே வைத்துச் சொன்னாராம். அந்த மனிதனுக்கு வேலைக்குப் போன ஊரில் வேறு குடும்பம் இருந்தது. கேட்டதற்கு அடித்தான். கையில் காயத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தவரை அடுத்தநாள் காலை பஸ்ஸில் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விட்டது என் அம்மப்பா. ஒரு தரமல்ல. கடைசியாக ஒரு வரி: “ஐயாவுக்குக் கலியாணத்துக்கு முன்னமே தெரியும்.” நாள் வைத்தாயிற்று, அழைப்பு அச்சடித்தாயிற்று. நிற்பாட்டினால் சந்தி சிரிக்கும் என்று விட்டிருக்கிறார்.

அம்மப்பாவை ஊரில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என்னை மடியில் வைத்துத் திருவாசகம் சொல்லித் தந்தவர். அந்த மனிதரும் இந்த மனிதரும் ஒருவர்தான். இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் பெரியம்மா சுகமில்லாதவர். தெருவில் போட்டு விற்றால் எலோகேசி தலை வேறு உடல் வேறு. இரண்டிலும் தகப்பன் படத்தில் இல்லை. தெரிந்திருந்தும் கொண்டுபோய் விட்டவர்களைச் சட்டமும் தேடவில்லை, அறிவித்தல் எழுதிய நாங்களும் தேடவில்லை. இது அநியாயம்.

அந்த அறிவித்தலில் கணவர் பெயர் வரவில்லை. அம்மப்பாவின் பெயர் வழக்கப்படி முதல் வரியில் வந்தது. தான் இருக்கும்வரை மற்றதை எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டிருந்தார். இப்போது அம்மாவும் இல்லை.

மல்வேர்னில், மார்க்கத்தில், ஸ்காபறோவில் இன்னும் எத்தனையோ வீடுகளில் அம்மாமாரும் பெரியம்மாமாரும் சின்னம்மாமாரும் இருக்கிறார்கள். போய்ப் பக்கத்தில் இருங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். அது அப்போது வீட்டில் யார் யாருக்குத் தெரிந்திருந்தது என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, சொன்னபடியே எழுதி வையுங்கள்.